உம்மம்மா ஆரைப் பார்த்துக்கொண்டிருக்கிறா எண்டு கவிதையே சொல்லேல்ல, படம் ஏன் சொல்லவேணும்?

தம்பி, உங்கட கேள்வியையும் படத்தின்ட போட்டோவையும் ரெண்டு மூண்டு தரம் பார்த்திட்டுத்தான் எழுதுறன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. வாசிக்கிற மற்றாக்களுக்கும் விளங்கட்டும் எண்டு கேள்வியை முதல் சுருக்கிச் சொல்லுறன். இவர் திருகோணமலை ரவுண், கூட்டாளி கிண்ணியா. கூட்டாளி கவிதைப் புத்தகம் ஒண்டு போடப்போறார், அதில ஒரு கவிதைக்கு இவரிட்ட மைப்படம் கேட்டிருக்கிறார். கவிதை என்னெண்டா, பாலம் வந்து பாதை, அதாவது ஆக்களை ஏத்திக் கடக்கிற மிதவை, ஓடுறது நிண்ட பிறகும் ஒரு உம்மம்மா, அதாவது அம்மம்மா, பின்னேரமானா பழைய துறையடிக்குப் போய்க் குந்தியிருந்து பாலத்தால போற பஸ்ஸுகளை எண்ணுறா, இருட்டினாப் பிறகு எழும்பி வீட்டை வாறா. அவ்வளவுதான், பதினாலு வரி. இவர் அதுக்குப் பாதை, உம்மம்மா, அவவின்ட கன்னத்தில கண்ணீர், நிலா, தென்னை, தண்ணிக்குள்ள ஒரு ஆம்பிளையின்ட நிழல், எல்லாம் கீறி, மைக்குத் தண்ணி கலந்து சாம்பல் நிறமும் ஓடவிட்டிருக்கிறார். கூட்டாளி பார்த்திட்டு "நல்லாத்தான் இரிக்கி மச்சான், ஆனா இது என்ட கவிதெ இல்ல" எண்டிட்டார். பிறஸ்காரர் "இந்தச் சாம்பல் எல்லாம் அப்பிக்கொண்டுதான் வரும்" எண்டிட்டார். பிழை எங்க எண்டு கேக்கிறார்.

முதல்ல ஒண்டு சொல்லவேணும், கை நல்ல கை. அந்தத் தென்னங்கீத்துகளை ஒவ்வொண்டா ஒரே இழுப்பில விட்டிருக்கிறீங்கள், பார்க்க எனக்குப் பொறாமையாக் கிடந்தது. ஆனா கூட்டாளி சொன்னதும் சரி, பிறஸ்காரர் சொன்னதும் சரி, ரெண்டு பேரும் ஒரு பிழையைத்தான் ரெண்டு பக்கத்தால பிடிச்சிருக்கினம் எண்டு எனக்குப் படுது. நீங்கள் வெள்ளைக் கடதாசிக்குப் பயந்திட்டீங்கள். கவிதையில எங்கெல்லாம் சொல் இல்லையோ அங்கெல்லாம் ஒரு பொருளை வைச்சு அடைச்சிருக்கிறீங்கள், பொருள் வைக்க ஏலாத இடத்தில சாம்பல் பூசியிருக்கிறீங்கள்.

அந்த நிழலை எடுங்கோ. உம்மம்மா ஆரைப் பார்த்துக்கொண்டிருக்கிறா எண்டு உங்கட கூட்டாளி பதினாலு வரியில ஒரு வரியிலயும் சொல்லேல்ல, அது அவருக்குச் சொல்லத் தெரியாமலில்ல. வாசிக்கிற ஒருத்தர் வெளிநாடு போன மகன் எண்டு நினைப்பார், இன்னொருத்தர் காணாமல் போன ஒரு ஆளை நினைப்பார், எங்கட மாவட்டத்தில அப்பிடி நினைக்கிறதுக்கு எத்தினை வீடு கிடக்கு எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, வேற ஒருத்தர் அவ ஒருத்தரையும் பார்க்கேல்ல, சும்மா பழக்கதோசத்தில போறா எண்டு நினைப்பார். நீங்கள் தண்ணிக்குள்ள மீசை வைச்ச ஒரு நிழலைக் கீறின உடன அத்தினை பேரும் செத்துப்போச்சினம், ஒருத்தர்தான் மிச்சம். அதைத்தான் அவர் தன்ட கவிதை இல்லை எண்டு சொன்னவர்.

கண்ணீரும் அப்பிடித்தான். எந்த வரியில கிடக்கு கண்ணீர்? நான் தேடிப் பார்த்திட்டன், இல்லை. பஸ் எண்ணுற மனுசி அழமாட்டா, அழுதா எண்ணிக்கை பிழைச்சுப்போயிடும்.

பாதை விசயம் கொஞ்சம் கவனமாக் கதைக்கவேணும். வெளியூர்க்காரருக்காகச் சொல்லுறன், எங்கட கிழக்குப் பக்கத்தில பாதை எண்டா ஆத்தையும் களப்பையும் கடக்கிறதுக்கு ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக்கொண்டு போற மிதவை. 2009ல 396 மீட்டர் நீளப் பாலம் திறக்கும் மட்டும் ரவுணிலயிருந்து நேர் வழியாக் கிண்ணியாவுக்குப் போறதெண்டா பாதையில ஏறித்தான் போகவேணும், வரிசையில காத்துக்கிடந்த அந்த நேரத்தில கடலை வாங்கிச் சாப்பிட்டது எனக்கு இப்பவும் ஞாபகம். உங்கட படத்தில பாதை அலையில ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது. நீங்கள் அழகுக்குச் சரிச்சிருப்பீங்கள், கிடைகோடு மட்டும் இருந்தால் படம் செத்துப்போயிருக்கும் எண்டு நினைச்சிருப்பீங்கள், அது ஓவியக்காரன்ட நியாயம்தான். ஆனா 2021 நவம்பர்ல கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்துப்போனதுக்குப் பிறகு, கிண்ணியாவில ஒரு மனுசரிட்டச் சரிஞ்ச பாதைப் படத்தைக் காட்டினா அவைக்கு வேற ஒண்டும் கண்ணில தெரியாது. கவிதை அதைப் பற்றினது இல்லை. கொழும்பில இருக்கிற ஒரு ஓவியருக்கு இது தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. கோட்டுக்கும் ஊர் இருக்கு தம்பி.

சரி, அப்ப எதைத்தான் கீறுறது எண்டு கேப்பீங்கள். பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்கள், குறுந்தொகையில கபிலர் பாடினது, "யாரும் இல்லைத் தானே கள்வன்" எண்டு தொடங்கும். ஒரு பெட்டை சொல்லுறாள், அவன் என்னைச் சேர்ந்த அண்டைக்கு அங்க ஒருத்தரும் இல்லை, அவன்தான் இருந்தவன், அவனே பொய் சொன்னா நான் என்ன செய்யிறது எண்டு. பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, ஓ, ஒரு குருகு, கொக்குத்தான், நிண்டது, ஓடுற தண்ணியில ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினைத்தாள் மாதிரி மெல்லிய பச்சைக் கால் அதுக்கு எண்டு முடிக்கிறாள். ஐஞ்சே ஐஞ்சு வரி. இதுக்குப் படம் கீறச் சொல்லிக் குடுத்தா பத்துப் பேரில ஒன்பது பேர் அவனையும் அவளையும் ஆத்தங்கரையில கட்டிப்பிடிக்க வைச்சுக் கீறுவினம். நான் சித்திரம் படிப்பிச்ச காலத்தில கீறச் சொல்லிப் பார்த்திருக்கிறன், பிள்ளையள் வெக்கப்பட்டுக்கொண்டு பின்னால திருப்பி நிண்ட மாதிரிக் கீறிக்கொண்டு வந்ததுகள். ஆனா பாட்டின்ட வயித்தெரிச்சல் முழுக்க அந்தக் கொக்கிலதான் கிடக்கு. ஒரே சாட்சி, அதுக்கும் மீன்லதான் கண். அந்தக் காலை, தினைத்தாள் தடிப்பில ரெண்டு கோடா, ஒரு தரம் நிப்பை அழுத்தாமல் இழுத்து, தண்ணியில கொஞ்சம் உடைச்சு விட்டா, மனுசர் ஒருத்தரும் இல்லாமலே அவளின்ட கதை முழுக்க அந்தப் பக்கத்தில கிடக்கும்.

அதுக்காக எந்தக் கவிதைக்கும் ஒரு கொக்கைக் கீறிப்போட்டுத் தப்பலாம் எண்டு நினைச்சிடாதீங்கோ. சீனாவில ஒரு கதை சொல்லுவினம். சொங் வம்சத்தில ஹுயிட்சொங் எண்டு ஒரு ராசா, 12ஆம் நூற்றாண்டின்ட தொடக்கத்தில, தானே பெரிய ஓவியர். அரண்மனைக்கு ஓவியரைச் சேர்க்கிறதுக்குப் பரீட்சை வைப்பினம், பரீட்சையில ஒரு கவிதை வரியைக் குடுத்து அதுக்குப் படம் கீறச் சொல்லுறது. ஒருக்கால் குடுத்த வரி, ஆளரவமில்லாத ஆத்தை ஒருத்தரும் கடக்கேல்ல, தனி வள்ளம் ஒண்டு நாள் முழுக்கக் குறுக்கால கிடக்கு எண்ட மாதிரி. கன பேர் கரையில கட்டின வெறும் வள்ளத்தைக் கீறியிருக்கினம், சில பேர் அதின்ட விளிம்பில ஒரு கொக்கை நிப்பாட்டியிருக்கினம், சில பேர் கூரையில காகம் குந்தியிருக்கிறதாக் கீறியிருக்கினம். முதலாவதா வந்தவர் என்ன செய்தவர் தெரியுமோ, வள்ளத்தின்ட பின்பக்கத்தில வள்ளக்காரன் படுத்திருக்கிறான், பக்கத்தில ஒரு புல்லாங்குழல். அதாவது வள்ளக்காரன் இல்லாமலில்ல, கடக்கிறதுக்கு ஆள் இல்லை, அவனுக்கு அவ்வளவு நேரம் கிடக்கு. வரி சொல்லுற வெறுமையை வெறும் வள்ளம் காட்டேல்ல, வேலையில்லாத மனுசன் காட்டிட்டான். கபிலரிட்ட வெண்ட கொக்கு இங்க தோத்துப்போச்சு பாருங்கோ. கவிதைக்குக் கவிதை வேற. ஒவ்வொருக்காலும் இருந்து யோசிக்கத்தான் வேணும், குறுக்குவழி எனக்கும் கிடைக்கேல்ல.

நான் உங்களைவிட மோசமாச் செய்தனான், அதையும் சொல்லுறன். அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசிருக்கும், ஒரு திருவிழா மலருக்குச் சம்பந்தர் எங்கட கோணேசர் கோயிலைப் பாடின கோணமாமலைப் பதிகத்துக்குப் படம் கேட்டவை. 7ஆம் நூற்றாண்டுப் பாட்டு, அவர் இஞ்ச வராமல் இராமேசுவரத்தில நிண்டுதான் பாடினவர் எண்டு சொல்லுவினம். நான் என்ன செய்தன், பிரெட்றிக் கோட்டை வாசலால ஏறி, மான்களைத் தள்ளிக்கொண்டு மேல போய், பிறகு கீழ டச் பே கரையிலயும் வந்து இருந்து, மலையை ஒரு கல்லு விடாமல் கீறினன். குறுக்கும் நெடுக்கும் கோடு, அதுக்கு மேல சரிவாக் கோடு, அதுக்கு மேல இன்னொண்டு. இராவணன் வெட்டு எண்டு சொல்லுற மலைப்பிளவுக்குள்ள மட்டும் ஒரு கிழமை வேலை. பெரிய சீற்றில கீறினதை அவை கொழும்புக்கு அனுப்பி நாகத்தகட்டில புளொக் செய்விச்சினம், உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி. சுருக்கினாக் கோடுகளுக்கு இடையில கிடந்த வெள்ளையும் சுருங்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. மை இடையில நிறைஞ்சு, மலர் வந்தபோது கோணேசர் மலை கருகின றோஸ் பாண் மாதிரிக் கிடந்தது. அதுக்குக் கீழ எழுத்தில "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே" எண்டு போட்டிருந்தவை. நித்திலம் எண்டா முத்து. முத்துக்கு என்ட படத்தில ஒரு குண்டூசி முனை வெள்ளைகூட இல்லை.

அம்மாதான் பார்த்திட்டுக் கேட்டவ, கடல் எங்கடா எண்டு. பிறகுதான் எனக்கு விளங்கினது. அந்தப் பதிகத்தின்ட முதல் பாட்டுத் தொடங்குறதே "நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும்" எண்டு சத்தத்தில, முடியிறது குரைகடலில, அதுவும் சத்தம்தான். நடுவில கொழிக்கும் எண்டு ஒரு சொல். கொழிக்கிறது எண்டா எங்கட வீடுகளில சுளகில அரிசியைப் போட்டு மெல்லத் தட்டித் தட்டிக் குறுணலைப் பிரிக்கிறது. கடல் மலையடியில முத்தைக் கொழிக்குதாம், சுளகில தட்டுற மாதிரி, ஓயாமல். மலை அங்க கடைசியில ஒரு சொல்தான், வேலை முழுக்கக் கடல் செய்யுது. நான் கடலை விட்டிட்டுக் கல்லை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறன். கன வருசத்துக்குப் பிறகு ஒருக்கால் எனக்காகத் திரும்பக் கீறினன், தூரிகையில மையைத் தொட்டுப் பழந்துணியில துடைச்சுப்போட்டு, அந்தக் காய்ஞ்ச தூரிகையால மூண்டு வீச்சு, சுளகு தட்டுற கைவாகில. மலைக்கு மேல்கோடு ஒண்டு மட்டும். அது அச்சில வரேல்ல, மூத்த மகளின்ட வீட்டில தொங்குது, இண்டைக்கும் எனக்குப் பிடிச்ச என்ட படம் அதுதான்.

எங்கட ஊரில பிறந்த பிரமிளை வாசிச்சிருப்பீங்கள் தானே, 1939ல இஞ்ச பிறந்து 1997ல தமிழ்நாட்டில மறைஞ்சவர், படமும் கீறினவர். அவரின்ட இறகுக் கவிதை, சிறகிலயிருந்து பிரிஞ்ச இறகு ஒண்டு காத்தில ஒரு பறவையின்ட வாழ்வை எழுதிக்கொண்டு போற மாதிரி வரும், அதுக்கு எத்தினை பேர் இறகைக் கீறியிருக்கினம், பறவையைக் கீறியிருக்கினம், எண்ணி முடியாது. அந்தக் கவிதைக்குப் படமே தேவையில்லை எண்டுதான் நான் சொல்லுவன், கீறியே ஆகவேணும் எண்டா விழுந்து வாற அந்த வழியை ஒரு கோடா விடலாம், இறகு இல்லாமல். சில கவிதைக்கு மாட்டன் எண்டு சொல்லவும் பழகவேணும். கோடு எப்பிடி மூச்சு விடும் எண்டு பார்க்கிறதுக்கு ஓவியர் ஆதிமூலம் 1969ல காந்தி நூற்றாண்டு நேரம் கீறின காந்திப் படங்களைத் தேடிப் பாருங்கோ, நெருக்கிக் கீறினாலும் அடையாமல் இருக்கிறதுக்குச் ஓவியர் சில்பி விகடனில கீறின கோயில் சிற்பங்களைப் பாருங்கோ, நான் அந்த மலையைக் கீறுறதுக்கு முதல் அதை வடிவாப் பார்த்திருந்தா மானம் போயிருக்காது.

இனி உங்கட உம்மம்மாவுக்கு வாறன். நான் எண்டா முதல் கவிதையில இருக்கிற வினைச்சொல்லுகளுக்குக் கீழ பென்சிலால கோடு போடுவன். போறா, இருக்கிறா, எண்ணுறா, எழும்புறா. பெயர்ச்சொல்லைப் பிடிச்சாப் பொருள்தான் வரும், நிலா, தென்னை, பாதை எண்டு கடைச்சாமான் மாதிரி வரிசையா வந்து நிக்கும், உங்களுக்கு நடந்தது அதுதான். இதில எண்ணுறதுதான் முக்கியமான வினை. எண்ணுறதை எப்பிடிக் கீறுறது? எனக்குத் தோணினது ரெண்டு. ஒண்டு, பஸ்ஸையும் பாலத்தையும் விட்டிட்டு, மணலில விரலால கீறின சின்னச் சின்னக் கோடுகள், நாலு கோடு போட்டு ஐஞ்சாவதைக் குறுக்கால விடுவினமே அந்த மாதிரி, கடைசிக் கூட்டம் முடியாமல் மூண்டோட நிக்குது. இது நல்லா இருக்கும், ஆனாக் கொஞ்சம் கெட்டித்தனமாத் தெரியும், கீறினவன் தலையை நீட்டிப் பார்க்கிற மாதிரி. மற்றது எனக்கு இதைவிடப் பிடிச்சது. பாதை ஓடின காலத்தில துறையடியில றோட்டு நேராத் தண்ணிக்குள்ள இறங்கும், அக்கரையில திரும்ப எழும்பும், சின்ன வயசில எனக்கு அது பெரிய அதிசயம், றோட்டு தண்ணிக்குக் கீழால ஓடிப்போகுது எண்டு நினைச்சிருந்தன். அந்த இறங்குற றோட்டை மட்டும் பக்கத்தின்ட அடியில, ரெண்டு விளிம்புக்கோடு, தண்ணி தொடுற இடத்தில கோடு நிக்குது, அதோட சரி. மேல முழுக்க வெறும் கடதாசி. மையில தண்ணியைக் கீறுறதெண்டா கீறாமல் விடுறதுதான், கரையைச் சரியாக் கீறினாக் கீறாத இடம் தானாத் தண்ணியாயிடும். உம்மம்மாவைக் கட்டாயம் வைக்கவேணும் எண்டா அவவின்ட செருப்புச் சோடி ஒண்டு றோட்டோரம். அதுவும் வேண்டாம் எண்டுதான் என்ட மனம் சொல்லுது, செருப்பைக் கண்டாச் சனம் வேற மாதிரி நினைக்கும்.

இதையே கீறுங்கோ எண்டு சொல்லேல்ல, நான் போற வழியைக் காட்டினன், அவ்வளவுதான். நீங்கள் போய்ப் பார்த்தா வேற ஒண்டு அகப்படும்.

மை கேட்டிருந்தீங்கள். பவுண்டன் பேனைக்கு ஊத்துற மை சாயம், தண்ணி பட்டாக் கரையும், வெளிச்சம் பட்டு வருசக்கணக்கில மங்கும், அதில கீறாதீங்கோ. இந்தியன் இங் எண்டு விக்கிறது கரி, புகைக்கரியை அரக்கோட சேர்த்தது, காய்ஞ்சாத் தண்ணிக்கும் அசையாது. அந்த அரக்கு இருக்கிறதாலதான் அதைப் பவுண்டன் பேனைக்குள்ள ஊத்தக்கூடாது, உள்ள காய்ஞ்சு அடைச்சுதெண்டாப் பேனையை எறியவேண்டியதுதான். தொட்டெழுதுற நிப்பு வாங்குங்கோ, புது நிப்பில துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருக்கும், அதோட மை பிடிக்காது, குளத்தில தாமரை இலைத் தண்ணி மாதிரி உருளும், வாயில வைச்சு உமிஞ்சு துணியில துடைச்சாச் சரி, சில பேர் உருளைக்கிழங்கில குத்தி எடுப்பினம். பைன் லைனர் பேனை வசதிதான், ஆனா அதில கோடு தொடக்கத்திலயிருந்து முடிவு மட்டும் ஒரே தடிப்பு. நிப்பு அப்பிடியில்ல, அழுத்தினா ரெண்டு காலும் விரிஞ்சு கோடு தடிக்கும், விட்டா மெலியும். இந்தியாக்காரர் படம் வரையிறது எண்டு சொல்லுவினம், நாங்கள் கீறுறது எண்டு சொல்லுறம், நிப்பைப் பிடிச்சாத்தான் எங்கட சொல் எவ்வளவு பொருத்தம் எண்டு விளங்கும். எங்கட பழைய ஆக்கள் ஏட்டில எழுத்தாணியால கீறிப்போட்டு அதுக்கு மேல கரியைப் பூசித் துடைச்சவை, கீறின காயத்துக்குள்ள மட்டும் கறுப்பு நிக்கும். நிப்பும் கிட்டத்தட்ட அதுதான்.

எங்கட ஊரில இன்னொரு பிரச்சினை இருக்கு, புத்தகங்களில போட்டிருக்காது. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில மை நிப்பிலயே காய்ஞ்சுபோகும், நீளக்கோடு இழுத்தாப் பாதி வழியில நிண்டிடும், போத்திலுக்குள்ள துளி ரெண்டு துளி வடிச்ச தண்ணி விட்டு, ஜன்னலைச் சாத்திப்போட்டு இருந்து கீறவேணும். வாடைக்கு நேர் எதிர், கடதாசி ஈரத்தைக் குடிச்சுப்போட்டு இருக்கும், மை வைச்ச உடன மயிர்மயிரா ஊறும். மார்கழி மழைக்குள்ள கீறுறதெண்டாக் கடதாசியை முதல்நாளே அயன் பெட்டியை மெதுவான சூட்டில வைச்சு ஒரு துணிக்கு மேலால தேய்ச்சு வைச்சிடுவன், மனுசி ஏசுவா. கடற்கரைப் பக்கம் வீடெண்டா நிப்பை வேலை முடிஞ்ச உடன கழுவித் துடைச்சு அரிசிக்குள்ள போட்டு வையுங்கோ, உப்புக்காத்துக்கு ரெண்டு நாளில துரு.

கடதாசி பெரிசாச் செலவழிக்கத் தேவையில்ல. புத்தகக்கடையில விக்கிற பிறிஸ்டல் போட் எண்ட தடிச்ச கடதாசியில நல்லது கெட்டது ரெண்டும் வருது, வாங்கினாப் பிறகு மூலையில ஒண்டுக்கொண்டு குறுக்கால ரெண்டு கோடு போட்டுப் பாருங்கோ, ரெண்டு கோடும் வெட்டுற இடத்தில மை பரவாமல் கூரா நிண்டா அது போதும்.

இனிப் பிறஸ். பிறஸ்காரர் ஏன் அப்பிக்கொள்ளும் எண்டு சொன்னவர் எண்டா, அச்சு மெசினுக்குச் சாம்பல் எண்டு ஒரு நிறம் இல்லை. அதுக்குத் தெரிஞ்சது கறுப்பு, இல்லாட்டி வெறும் கடதாசி. நீங்கள் ஓடவிட்ட சாம்பலை அது சின்னச் சின்னப் புள்ளியாப் பிரிச்சுத்தான் அடிக்கும், கவிதைப் புத்தகத்துக்கு அவை போடுற கடதாசி கொஞ்சம் மை குடிக்கிற சாதி எண்டாப் புள்ளியெல்லாம் பொதுமி ஒண்டோட ஒண்டு ஒட்டும். அதோட உங்கட கூரான கோடுகளும் புள்ளியா உடைஞ்சு ரம்பப்பல் மாதிரி வரும், அதுதான் பெரிய நட்டம். சாம்பல் வேணுமெண்டாக் கோட்டால செய்யுங்கோ, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில விடுற வெள்ளையாலதான் சாம்பல் வாறது. இல்லாட்டி நான் சொன்ன காய்ஞ்ச தூரிகை. நாங்கள் ரோனியோவில சஞ்சிகை அடிச்ச காலத்தில மெழுகுத்தாளில ஊசியால கீறவேணும், கொஞ்ச இடத்தைக் கறுப்பாக்கப் போனாலே தாள் கிழிஞ்சு எல்லாம் போயிடும், அதால எங்களுக்கெல்லாம் கோட்டைச் சிக்கனமாப் பாவிக்கிற பழக்கம் தானா வந்தது. உங்களுக்குப் போன் இருக்கு, அதால பழக்கம் வரேல்ல, பரவாயில்ல.

படத்தை அச்சில வாற அளவைவிட ஒண்டரை மடங்கு பெரிசாக் கீறுங்கோ, சுருக்கேக்க நடுக்கமெல்லாம் மறையும். அதுக்கு மேல பெரிசாக்கினா என்ட மலைக்கு நடந்தது நடக்கும். கீறி முடிஞ்சாப் பிறகு சுவரில ஒட்டிப்போட்டு அறையின்ட மற்றக் கரையில நிண்டு பாருங்கோ, அங்கயிருந்து பார்க்க எந்த இடம் கட்டியாத் தெரியுதோ அந்த இடம் அச்சிலயும் கட்டியாத்தான் வரும். ஸ்கான் பண்ணேக்க கறுப்பு வெள்ளை மட்டும், நடுவில சாம்பல் இல்லாத மோட்டில, 600 டிபிஐக்குக் குறையாமல், முடிஞ்சா 1200. போட்டோவுக்குத்தான் 300 போதும், கோட்டுக்குப் போதாது, விளிம்பில படிக்கட்டுத் தெரியும். டிஃப் பைலா இல்லாட்டிப் பிடிஎஃப்பாக் குடுங்கோ. வட்ஸ்அப்பில போட்டோவா அனுப்பாதீங்கோ, அது நசிச்சுப்போட்டுத்தான் அங்க குடுக்கும், அனுப்பியே ஆகவேணும் எண்டா டொக்கியுமென்ட் எண்டு போட்டு அனுப்புங்கோ. எனக்கு ஒருக்கால் ஒரு பிறஸ்ஸில படத்தைக் கண்ணாடியில பார்த்த மாதிரி இடம் வலம் மாத்தி அடிச்சுப்போட்டினம், வலக்கையால தேவாரம் எழுதின ஓதுவார் இடக்கையால எழுதினார், அதால அடிக்க முதல் ஒரு புறூவ் கேட்டுப் பாருங்கோ, வெக்கப்படாதீங்கோ.

பக்கத்தில எங்க வைக்கிறது எண்டதையும் நீங்களும் கூட்டாளியும் இருந்து தீர்மானியுங்கோ, பிறஸ்காரரிட்ட விட்டா அவர் கவிதைக்கு மேல நடுவில, நாலு பக்கமும் கட்டம் போட்டு வைப்பார். கவிதைக்கு மேல படம் இருந்தா வாசிக்கிறவர் முதல் படத்தைப் பார்த்திட்டு அந்தக் கண்ணோடதான் கவிதைக்கு வருவார், கவிதை படத்துக்கு விளக்கம் எழுதின மாதிரி ஆயிடும். கவிதை முடிஞ்சு, கொஞ்சம் வெறும் இடம் விட்டு, பக்கத்தின்ட அடியில வையுங்கோ. கட்டம் வேண்டாம், உங்களுக்குத் தண்ணி பக்கத்தோட ஓடவேணும். நிலாவையும் தென்னையையும் எறியாதீங்கோ, அந்தக் கீத்துகள் வேற கவிதைக்கு உதவும்.

போறதெண்டா நாளைக்கு நாளையிண்டைக்கு எண்டு இழுக்காமல் ஒரு பின்னேரம் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போங்கோ, நாலரைக்குப் பிறகு, வெயில் தம்பலகாமம் பக்கம் சாயத் தொடங்கினாத்தான் கரையின்ட கோடு பிரிஞ்சு தெரியும். பென்சிலும் கொப்பியும் போதும், மைப் போத்திலைக் கொண்டுபோகாதீங்கோ, நான் ஒருக்கால் பஸ்ஸில கொண்டுபோய் மடியில ஊத்துப்பட்டு வெள்ளைச் சாரத்தோட வீட்டை வந்தனான். இருட்டும் மட்டும் இருந்து பஸ்ஸை எண்ணுங்கோ. எத்தினையாவது பஸ்ஸில உங்களுக்கு எண்ணிக்கை தவறுது எண்டு பார்த்திட்டு வந்து கீறுங்கோ, கீறினதை அனுப்புங்கோ, பார்க்கிறன்.